சாமைக் கட்டு வாங்கிய கை

தீர்த்தான் மச்சானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது இந்த ஷெட்டு வாசலில்தான் அம்மா. நீங்கள் உட்கார்ந்திருக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். சித்திரை மாசம், முதல் மழை பெய்த மறுநாள் காலை. தலையில் துண்டு, கையில் ஒரு சாமைக் கட்டு. "புடி மச்சான்" என்று நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

இதை எழுதாதீர்கள். பேனாவை மூடி வையுங்கள், எல்லாம் சொல்கிறேன். வேலி கேட்டுக்குப் பக்கத்தில் பைக்கில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறானே, அவன் பேர் கனகு. மில்லுக்காரருடைய ஆள். போன் பார்க்கிற மாதிரி இருப்பான், பார்ப்பது நம்மைத்தான். நாம் பேசுவது அங்கே கேட்காது. ஆனால் எழுதுகிற கை நன்றாகத் தெரியும்.

டீயைக் குடியுங்கள். பால் கிடையாது, வெல்லம் போட்டிருக்கிறேன்.

பழங்குடி நல அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னீர்கள். என் தங்கச்சி சின்னபாப்பா கொடுத்த மனு உங்கள் பையில் இருக்கிறது. தீர்த்தான் அவள் புருஷன். மனுவில் அவள் கேட்டிருப்பது ஒரே ஒரு விஷயம்தான் என்றும் நீங்களே சொன்னீர்கள். "என் அண்ணன் கட்டு வாங்கிக்கொண்டார், நிலத்தை விடவில்லை." அவ்வளவுதான் மனு. அதை யாரிடம் சொல்லி எழுதினாளோ, நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கட்டு என்றால் என்ன என்று கேட்டீர்கள். எங்கள் தொம்பரைக்காட்டில் நிலத்தை விற்கிற வழக்கம் கிடையாது. கைமாற்றுவது உண்டு. ஒருத்தனுக்கு நோய் வந்தாலோ மாடு செத்தாலோ நிலத்தை மாமன் மச்சானிடமோ பங்காளியிடமோ விடுவான். அவன் உழுது சாப்பிடுவான். விட்டவன் தேறி எழுந்ததும் அந்த நிலத்து விதையில் விளைந்த சாமையைத் தாளோடு அறுத்து, ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு போய் நீட்டுவான். இவன் வாங்கிக்கொண்டால் நிலம் திரும்பிவிட்டது. சாட்சி வேண்டாம், பேச்சு வேண்டாம். வாங்க மாட்டேன் என்றும் சொல்லலாம். சொன்னால் அதற்குப் பிறகு அவன் வீட்டுச் சாவுக்கு யாரும் வர மாட்டார்கள். அப்படிச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

வேறு நிலத்து விதை ஆகாது. அது முக்கியம்.

எனக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும்போது அரசாங்கம் எங்களுக்குப் பட்டா கொடுத்தது. அதற்கு முன் நிலம் இருந்தது, காகிதம் இல்லை. இந்த ஊரில் அப்போது எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். பள்ளிக்கூடம் போனதில்லை அம்மா. கடுக்காய் எடை போடுகிற கொட்டகையில் சாக்குகள் வரும். சாக்கின் மேல் எழுத்து இருக்கும். எந்தச் சாக்கில் என்ன ஊர்ப் பேர் என்று கேட்டுக் கேட்டு, எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் பொட்டலம் மடிக்கிற பேப்பர். இரண்டு வருஷத்தில் முழுப் பேப்பரும் படிப்பேன்.

பட்டா கொடுக்க வந்த அதிகாரி நல்ல மனுஷர். புளியமரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். டெல்லியில் பெரிய சட்டப் புத்தகம் ஒன்று இருக்கிறது, உங்களைப் போன்றவர்களைச் சுரண்டலிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார்.

தீர்த்தான் மச்சான் பின்னாலிருந்து கேட்டார். "அந்தப் பொஸ்தகத்துல நம்ம ஊரு பேரு இருக்குதுங்களா?"

"ஊர் பேர் இல்லப்பா. பழங்குடி மக்கள்னு எல்லாரையும் சேத்துச் சொல்லியிருக்கு."

"அப்ப எவன் வேணா வந்து நான்தான் அதுன்னு சொல்லிக்கலாமே."

எல்லாரும் சிரித்தோம். அதிகாரியும் சிரித்தார். மச்சான் எப்போதும் அப்படித்தான், வாய் சும்மா இருக்காது.

பட்டாவின் பின்பக்கம் நிபந்தனை அச்சடித்திருந்தது. எழுந்து நின்று நான்தான் படித்தேன். பழங்குடியினர் அல்லாதவருக்கு இந்நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, வேறு எவ்வகையிலும் உரிமை மாற்றம் செய்யவோ கூடாது. மனப்பாடமாகவே சொல்வேன், இன்றைக்கும். அப்படின்னா என்ன என்று கேட்டார்கள். கீழ்நாட்டான் எவனும் நம்ம நிலத்தை வாங்க முடியாது, நாமாகக் கொடுத்தாலும் செல்லாது என்றேன்.

"நாம எங்க குடுக்கப் போறோம்?" என்றார் மச்சான்.

அன்றைக்கு எனக்கு இருந்த மரியாதையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதிகாரியே என் முதுகில் தட்டினார்.

ரோடு போட்ட பிறகு மில்லுக்காரர் வந்தார். கீழே ஜவ்வரிசி மில் வைத்திருக்கிறார். மரவள்ளி போட நிலம் தேடி மலையேறி வந்தவர். அவரைத் தப்பாகச் சொல்ல மாட்டேன். என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். இந்தக் கடிகாரம் அவர் கொடுத்தது. ஓடாது, அது வேறு விஷயம்.

டீக்கடையில்தான் கேட்டார். "உங்க சனங்ககிட்ட நீங்க சொன்னா கேப்பாங்களாமே. நெலம் குடுப்பாங்களா?"

நான் எழுந்து நின்று நிபந்தனையைச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். இன்னொரு டீ சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அல்லாதவருக்குன்னுதான போட்டிருக்கு?"

"ஆமாங்க."

"நீங்க அல்லாதவரா?"

"நான் மலையாளிங்க."

"அப்பறம் என்ன" என்றார்.

நீங்கள் வெளியூர்க்காரர் என்றால் மலையாளி என்றதும் கேரளா என்று நினைப்பீர்கள். இல்லை, இந்த மலையில் எங்கள் இனத்துக்கு அதுதான் பேர். ஆனால் உங்களுக்கு அது தெரிந்திருக்கும், உங்கள் ஆபீஸ் வேலையே அதுதானே.

அவர் கேட்டது பேர் மட்டும்தான் அம்மா. என் பேரில் பத்திரம், பயிர் அவருடையது. ஏர் மாடு இரவல் கொடுப்பதில்லையா? கல்யாணத்துக்கு அண்டா இரவல் கொடுப்பதில்லையா? பேர் தேய்ந்தா போகும் என்று நினைத்தேன். நான் யாருடைய நிலத்தையும் எடுக்கவில்லை. பேரைத்தான் கொடுத்தேன்.

ஒவ்வொரு வீடாக வந்தார்கள். ஏழு வீடு. மில்லுக்காரர் காகிதத்தில் என்றால் ஒருத்தரும் ரேகை வைத்திருக்க மாட்டார்கள், அது நிச்சயம். வேடியப்பன் பேரில்தானே, நம்ம வேடியப்பன்தானே என்று வைத்தார்கள். நாளைக்குக் கட்டு கொண்டு வந்து கொடுத்தால் திரும்பிவிடும் என்று அவர்கள் கணக்கு. இதுவும் கைமாற்றுதான் என்று நினைத்தார்கள். மில்லுக்காரரா வாங்குகிறார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கடைசியாக வந்தது தீர்த்தான் மச்சான். சின்னபாப்பாவுக்கு வயிற்றில் கட்டி. சேலத்துக்குக் கொண்டு போய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாலு ஏக்கர் பன்னிரண்டு சென்ட், ஓடையை ஒட்டிய நிலம், இந்த ஊரிலேயே நல்ல மண். அவருக்கு உதவி செய்தது யார்? நான்தான் மில்லுக்காரரிடம் சொல்லி ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். ஆபரேஷன் நடந்தது. என் தங்கச்சி இன்றைக்கு நடமாடுகிறாள், மனு எழுதுகிறாள் என்றால் அதனால்தான். அதை மனுவில் எழுதியிருக்கிறாளா? இல்லை பாருங்கள்.

பத்திர ஆபீசில் கூட்டம். உள்ளே இருந்தவர் எங்கள் இரண்டு பேருடைய சாதிச் சான்றிதழையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே இனம்தானா? பொய் சொன்னா உள்ள போயிருவீங்க."

மச்சான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "அவன் என் பொண்டாட்டியோட அண்ணனுங்க. அவன் மலையாளி இல்லன்னா நான் கட்டிக்கிட்டது யாரங்க?"

ஆபீசே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

மில்லுக்காரர் வெளியே காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் படி இறங்கியதும் டிரைவர் வந்து என் கையிலிருந்த ரசீதை வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தான். மச்சான் அதைப் பார்த்துவிட்டார்.

"அது எதுக்கு மச்சான் அவங்கிட்ட?"

"நம்ம வூட்ல கரையான் மச்சான். அவுரு பீரோவுல பத்திரமா இருக்கும்."

ரோட்டைத் தாண்டினோம். அப்புறம், "பசிக்குது, வட வாங்கிக் குடு" என்றார். வாங்கிக் கொடுத்தேன். அத்தோடு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அவருக்கும் அது சம்மதம் என்றுதானே அர்த்தம்?

பிறகு வேலி போட்டார்கள். என்னுடைய ஒன்றரை ஏக்கரும் வேலிக்குள் போய்விட்டது. நான் அதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால் எனக்கே நான்தானே எழுத வேண்டும்! கனகுவிடம் கேட்டேன். "எல்லாம் ஒங்க பேர்லதான இருக்குது, வேலிக்குள்ள ஒரு வேலியா போடுவாங்க?" என்றான். நியாயம்தான். வீடு இடிந்த பிறகு இந்த ஷெட்டில் இருந்துகொள்ளச் சொன்னார்கள். உர மூட்டைக்கும் காவல், எனக்கும் இடம்.

என் பெண்டாட்டி கோவிந்தம்மா வாயை மூட மாட்டாள். "பதினேழு ஏக்கர் பண்ணையாரே, ஒரு கொடம் தண்ணி மோந்தாங்க" என்பாள். யாராவது வந்தால், "பண்ணையார் உள்ள மூட்டை மேல படுத்திருக்காரு" என்பாள். இலவச வீட்டுக்கு எழுதிப் போட்டோம், பெரிய விவசாயிக்குக் கிடையாது என்று வந்தது. முதியோர் பணமும் அப்படித்தான். அதற்கும் அவள் சிரித்தாள். வலிக்கிற மாதிரி சிரிப்பாள்.

அவளுக்கு மூத்திரக்காய் கெட்டுப்போனது, கிட்னி என்பார்களே அது. இன்சூரன்ஸ் அட்டை இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள், அதற்கு வருமானச் சான்று வேண்டும் என்றார்கள். கிராம அதிகாரியிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பதினேழு ஏக்கர் முப்பது சென்ட். நஞ்சையா புஞ்சையா, எதுவா இருந்தா என்ன, ஒனக்கு எப்பிடிய்யா ஏழைன்னு எழுதுறது?"

அது என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கனகு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் பைக்கில்தான் போயிருந்தேன், மலையிறங்க வேறு வழி ஏது? "ஆமாங்க, என் பேர்லதாங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாசி மாசம் போய்ச் சேர்ந்தாள். அவள் தலையெழுத்து அவ்வளவுதான். புதைக்க இடம் கேட்டேன். பயிர் வைக்கிற இடத்தில் குழி எடுத்தால் கிழங்குக்கு ஆகாது என்றார்கள். வேலிக்கு வெளியே ஓடைப் புறம்போக்கில் புதைத்தோம். குழி வெட்டியது தீர்த்தான் மச்சான்தான். வெட்டி முடித்து மேலே ஏறி வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறார். எனக்குத் தெரியாது. ரேகை வைப்பதற்கு முந்தின அறுப்பில் ஒரு படிச் சாமை விதை எடுத்து, சுரைக் குடுவையில் சாம்பல் கலந்து வைத்திருந்தாராம். ஒவ்வொரு வருஷமும் வாசலில் சட்டியில் கொஞ்சம் விதைத்துப் புதுப்பித்து, விதையைச் சாகவிடாமல் வைத்திருந்திருக்கிறார். சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. வழுக்குப் பாறை மேலே ஒரு பள்ளம் இருக்கிறது, இரண்டு கட்டில் போடுகிற அகலம். அதில் ஓடை மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டி விதைத்திருக்கிறார். மழை வந்து மண்ணை அடித்துக்கொண்டு போகும். மறுபடி சுமப்பார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். நானும்தான் சொன்னேன்.

அந்தக் காலையில்தான் எனக்கு விளங்கியது.

"மூணு வருசம் ஆச்சு மச்சான் இத்தன கதிரு சேக்க" என்றார். "பாதி குருவிக்கு. குருவிக்குப் பட்டா காட்ட முடியுமா?"

சின்னபாப்பாவின் பழைய சேலையிலிருந்து நீலக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தார். மணி முற்றி நல்ல நிறம். நீட்டினார். வாங்காதே என்று பக்கத்தில் யாராவது சொல்லியிருந்தால் ஒருவேளை வாங்கியிருக்க மாட்டேன். யாரும் இல்லை. கட்டு நீட்டினால் இரண்டு கை நீள வேண்டும் என்று சின்ன வயசிலிருந்து பார்த்த கை. நீண்டுவிட்டது.

"மழ பெஞ்சிருக்குது. கெழங்கும் புடுங்கியாச்சு, நெலம் சும்மாதான கெடக்குது. இன்னிக்கே ஏர் பூட்டட்டுமா?"

"பூட்டு" என்றேன்.

இதை நிச்சயமாக எழுதாதீர்கள்.

சொன்னது ஒரே வார்த்தை. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "கோவிந்தம்மா இருந்திருந்தா களி கிண்டியிருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். இரவல் மாடு. வேலியில் கேட்டைத் திறந்துவிட்டது நான் இல்லை, அது திறந்துதான் கிடந்தது.

வெயில் ஏறுகிற நேரத்துக்குக் கனகு வந்தான். "ஓடைக் காட்டுல எவனோ ஏர் ஓட்டுறான். நீங்க சொன்னீங்களா?"

"இல்லையே" என்றேன்.

என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? நான் இருக்கிற ஷெட்டு அவர்களுடையது. என் பத்திரம் அத்தனையும் அவர்கள் பீரோவில். ஆரம்பத்திலேயே வெற்றுத் தாளில் இருபது கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். ரேகை இல்லை அம்மா, கையெழுத்து. எனக்கு எழுதத் தெரியும் என்பதில் மில்லுக்காரருக்கு ரொம்பச் சந்தோஷம்.

அதில் ஒரு தாளில்தான் போலீசுக்குப் புகார் எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்புறம் வக்கீல் குமாஸ்தா காட்டினான், படித்தேன். எனக்குப் பாத்தியப்பட்ட புஞ்சை நிலத்தில் தீர்த்தான் என்பவர் அத்துமீறி நுழைந்து, தடுக்கப்போன என்னை ஏர்க்கோலால் அடிக்க வந்து, ஆதிவாசியான என்னை நிலத்தை அனுபவிக்க விடாமல் மிரட்டினார். அப்படி எழுதியிருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. கீழே என் கையெழுத்து. எங்களைக் காப்பாற்ற என்ன சட்டம் உண்டோ அதையெல்லாம் தேடிப் பிடித்துப் போட்டிருந்தார்கள், என் பேரில், மச்சான் மேல்.

மச்சானை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஜீப் இந்த வழியாகத்தான் போனது. மச்சான் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று சொல்கிறார்கள். நான் உள்ளே இருந்தேன். தகரக் கூரை அம்மா, காற்று அடித்தால் வேறு ஒன்றும் கேட்காது. அன்றைக்குக் காற்று அடித்ததா என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

பதினைந்து நாள் ஜெயிலில் இருந்தார். வெளியே விடுகிறபோது காய்ச்சல். அந்த வாரம் மண் சரிந்து ரோட்டில் வண்டி எதுவும் ஓடவில்லை. நடந்தே மலையேறியிருக்கிறார். நாலாவது வளைவில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது, நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். அந்தப் பக்கம் போன இரண்டு பேர் களைப்பாறுகிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவன்தான் தொட்டுப் பார்த்தான்.

சாவுக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? ஒருத்தரும் என்னைத் தடுக்கவில்லை, ஒருத்தரும் உட்காரச் சொல்லவும் இல்லை. சின்னபாப்பா அழாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒன்று கேட்டாள்.

"கட்டு வாங்கினியாண்ணா?"

"அதெல்லாம் அப்பறம் பேசலாம் பாப்பா" என்றேன்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவள் என்னிடம் பேசுவது இல்லை. ஓடைப் பக்கம் தண்ணீருக்கு வருவாள், கோவிந்தம்மாவைப் புதைத்த மேட்டில் ஒரு கல் சாய்ந்தால் நிமிர்த்தி வைப்பாள், இந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். இப்போது மனு எழுதியிருக்கிறாள். சாவு எப்படி வந்தது என்று கேட்கவில்லை, போலீசைக் கேட்கவில்லை, மில்லுக்காரரைக் கேட்கவில்லை. அன்றைக்கு என்னைக் கேட்ட அதே கேள்வியைத்தான் அரசாங்கத்திடம் கேட்டிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் முன்பு நீங்கள் ஒன்று சொன்னீர்கள். பத்திரம் யார் பீரோவில் இருந்தால் என்ன, கணக்கில் நான்தான் சொந்தக்காரன், நானும் மலையாளி, என் தங்கச்சியும் மலையாளி. நானே பத்திர ஆபீசுக்குப் போய் அவள் பேருக்கு எழுதிக் கொடுக்கலாம், எந்தச் சட்டமும் தடுக்காது, மில்லுக்காரர் தனக்குச் சேர வேண்டியது என்று எந்தக் கோர்ட்டிலும் வாய் திறக்க முடியாது என்றீர்கள். இதை நீங்கள் எனக்குப் புதுசாகச் சொல்கிற மாதிரி சொன்னீர்கள்.

அம்மா, அந்தப் பின்பக்கத்தை இந்த ஊரில் முதலில் படித்தவனே நான்தான். எனக்குத் தெரியாதா? கட்டைக் கையில் வாங்கினபோதே தெரியும். கோவிந்தம்மாவுக்குக் குழி வெட்டினபோதும் தெரியும். உங்களுக்கு முன்னால் போன வருஷம் நிலக் கணக்கு பார்க்கக் கண்ணாடி போட்ட ஒரு சார் வந்தார், அவரும் இதையேதான் சொன்னார். வருகிற திங்கட்கிழமை வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

சொல்வது சுலபம். கீழே இறங்குவது யார் வண்டியில்? இறங்கினால் திரும்பி வந்து படுப்பது எங்கே? மிச்சம் இருக்கிற வெற்றுத் தாளில் நாளைக்கு என்ன எழுதுவார்கள்? ஒரு கட்டுக்குத் திருப்பிக் கொடுத்தால் மற்ற ஆறு வீடும் கட்டோடு வந்து நிற்காதா? அவர்களிடம் விதை இருக்கிறதா இல்லையா, எனக்குத் தெரியாது. இருந்தால்? பயம் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. எனக்கு அறுபத்தெட்டு வயசு, எதற்குப் பயப்பட வேண்டும்? எல்லாருக்கும் நல்லதாக ஒரு வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வரட்டுமா? வேண்டாம், திங்கட்கிழமை கனகு மில்லுக்குப் போக மாட்டான். புதன்கிழமை பார்க்கலாம்.

இருங்கள். கனகு பைக்கை விட்டு இறங்கிவிட்டான். இந்தப் பக்கம்தான் வருகிறான். பேனாவைத் திறங்கள். எழுதுங்கள், எழுதுகிற மாதிரி இருங்கள்.

வா கனகு. ஒண்ணுமில்ல, மேடம் ஏதோ மனு விசயமா கேக்கறாங்க. கட்டா? எந்தக் கட்டுங்க மேடம்? அப்பிடியெல்லாம் யாரும் எங்கிட்ட எதுவும் குடுக்கலீங்க. நெலம் என்னுதுங்க. கெரயம் பண்ணி வாங்கினது, பதினேழு ஏக்கர் முப்பது சென்ட், எல்லாத்துக்கும் பத்திரம் இருக்குது. என் தங்கச்சி புருசன் போன துக்கத்துல ஏதோ எழுதிட்டா, பாவம். ஆமாங்க, அப்பிடியே எழுதிக்கோங்க. அப்படித்தான கனகு? டீ குடிக்கிறியா? சரி சரி, மேடத்தோட ஜீப் டிரைவருக்கு வழி சொல்லு, அந்தப் பள்ளத்துல டயர் மாட்டிக்கும்.

போய்விட்டான்.

எழுதிவிட்டீர்களா? நான் சொன்னபடியேவா? சரி. எழுதினது இருக்கட்டும். எங்கே போட வேண்டும், இங்கேயா? மை வேண்டாம் அம்மா, பேனாவைக் கொடுங்கள். ரேகை வைக்கிற ஆள் இல்லை நான். வே, டி, ய, ப், ப, ன். பாருங்கள், புள்ளிகூடத் தப்பாது.

போவதற்கு முன்னால் ஒன்று. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் மேலே எடுத்துப் பாருங்கள். கூரைக்குக் கீழே குறுக்கே போட்ட கம்புகளில் மூன்றாவது, உர மூட்டைக்கு நேர் மேலே. கனகுவுக்கு அது என்னவென்று தெரியாது, விளக்குமாற்றுக்கு வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறான்.

மணி எல்லாம் எலி தின்றுவிட்டது. தாள் இருக்கிறது. நீலக் கரை இருக்கிறது, மச்சான் போட்ட முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே.